சான் கெலாசியோவில் விசாரிப்பு

19.01.2025, ஞாயிறு

மகள் தர்மிகா இன்று சொல்லிவிட்டாள். மத்தியானம் கோழிக்கறி சாப்பிட்டு முடிந்து, கை கழுவ எழும்பாமல் இருந்தபடியே.

"நான் ஜோமாரைத்தான் கட்டப்போறன். நீங்கள் ரெண்டு பேரும் மனசார ஓமெண்டு சொல்ல வேணும். மே மாசம் முடியுமட்டும் பொறுக்கிறன்."

"அதுக்குப் பிறகு?" என்று இவர் கேட்டார்.

"அதுக்குப் பிறகும் கட்டுவன். நீங்கள் இல்லாமல்."

ஜோமார் அவளுடைய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன். பிலிப்பீன்ஸ்காரன். பதினாலு வயதில் தாயோடு இங்கே வந்தவன். பேர்ண் ஜெர்மனை என் மகளை விடச் சுத்தமாகக் கதைக்கிறான். இரண்டு தரம் வீட்டுக்கு வந்திருக்கிறான். சப்பாத்தைக் கழற்றிச் சோடி சேர்த்து வைக்கிற பெடியன். "நல்ல பெடியன்தானே" என்று சொல்லிவிட்டு இவர் செய்தி பார்க்கப் போய்விட்டார். இவருக்கு உலகத்தில் எல்லாரும் நல்ல பெடியன்கள். அது காணுமா? ஆர், எவடம், என்ன ஆக்கள் என்று தெரிய வேண்டாமா?

எங்கள் குடும்பத்தில் கலியாணத்துக்கு விசாரிக்கிற வேலை என்னுடையது. மூன்று ரெலிபோன் போதும் எனக்கு. எந்த ஊர், அந்த ஊரில் எந்தக் குறிச்சி, எந்தக் கோயில், தாயின் தாய் எங்கே பிறந்தவ. குறிச்சி தெரிந்தால் மிச்சம் தானாக வந்துவிடும். ரொறன்ரோவில் இருக்கிற ராசா அண்ணை தன் பிள்ளைகள் மூன்று பேருக்கும் என்னைக் கொண்டுதான் விசாரிப்பித்தவர். பேர்ணில் இருந்துகொண்டு கனடா மாப்பிள்ளையின் பூர்வீகத்தை ஒரே பின்னேரத்தில் எடுத்துக் கொடுத்தேன்.

இப்ப நான் பிலிப்பீன்சில ஆருக்கு அடிக்கிறது?

21.01.2025, செவ்வாய்

"ஜோமாரின்ர ஊரின்ர பேர் என்ன பிள்ளை?"

"சான் கெலாசியோ. ஏன்?"

"சும்மா."

பேருந்தில் வேலைக்குப் போகும்போது கைபேசியில் தேடினேன். இருக்கிறது! ஊருக்கென்று ஒரு பக்கமே எழுதி வைத்திருக்கிறார்கள். பரப்பளவு தொண்ணூற்றேழு சதுர கிலோமீற்றர். 2020 கணக்கெடுப்பில் 21,846 பேர். கிழக்கே கடல், மேற்கே மலை, நடுவில் ஒரு ஆறு. ஊர் இருபத்துமூன்று பரங்காய்களாகப் பிரிந்திருக்கிறதாம். பெயர் மரக்கறி மாதிரி இருந்தாலும் பரங்காய் என்றால் அவர்களுடைய குறிச்சிதான். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்றுகூட நிரல் போட்டிருக்கிறது.

கடவுளே, யாருக்கும் ரெலிபோன் அடிக்காமலே குறிச்சிக் கணக்கு கையில்! இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

26.01.2025, ஞாயிறு

இவரைக் கொண்டு ஊர் வரைபடத்தைப் பெரிய தாளில் எடுப்பித்தேன். கலர்ப் பென்சிலும் வாங்கினேன். நடுவில் போப்லசியோன் என்ற பரங்காய். தேவாலயம், நகராட்சி மண்டபம், சந்தை எல்லாம் அங்கே. அதற்குப் பச்சை. மலைப்பக்கத்துக்கு மண்ணிறம். கடற்கரைப் பரங்காய்கள் ஏழு, அதற்கு நீலம். தள்ளி ஒரு குட்டித்தீவும் ஒரு பரங்காய்தான், மாலினாவ் என்று பெயர். சனம் 412 பேர்.

"என்ன, பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போறியோ?" என்று இவர் நக்கலடித்தார். அடிக்கட்டும்.

ஜோமாரின் பரங்காய் பைபாய் என்று தர்மிகா சொன்னாள். தேடிப் பிடித்தேன். இறங்குதுறைக்கும் கண்டல் காட்டுக்கும் நடுவில், கடலோடு ஒட்டி. நீலம்.

கடற்கரைக் குறிச்சி என்றால் எங்கள் பக்கத்தில் என்ன ஆக்கள் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் நினைக்கவில்லை என்று இங்கே எழுதினால் பொய். நினைத்தேன்.

08.02.2025, சனி

ஜோமார் சாப்பிட வந்தான். இடியப்பம், சொதி, றால் பொரியல். நேரடியாகக் கேட்கிறவள் இல்லை நான். எல்லாவற்றையும் கதையோடு கதையாக எடுப்பதுதான் என் முறை. "உங்கட தாத்தா என்ன வேலை செய்தவர்?" என்று என் உடைந்த ஜெர்மனில் தொடங்கினேன்.

பெடியனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. தாத்தாவிடம் வள்ளம் இருந்தது, விடிய முதல் கடலுக்குப் போவார் என்றான். சரி, நான் நினைத்ததுதான் என்று மனதுக்குள் கோடு போட்டேன். பிறகு சொல்கிறான், கடலால் வந்த கையோடு தென்னையில் ஏறிக் கள்ளு இறக்குவாராம். மரப்பட்டை போட்டுச் சிவப்பாக்கிய கள்ளு. எனக்குக் கை நின்றுவிட்டது. "கடலுக்குப் போறவரே மரமும் ஏறுறவர்?" "ஓம் தித்தா. வேறு யார் ஏறுவது? மரம் எங்கள் வளவில்தானே." தித்தா என்றால் அன்ரி.

கதை அதோடு முடியவில்லை. திருவிழாவுக்கு முதல் கிழமை பைபாய் ஆண்கள் எல்லாருக்கும் தலைமயிர் வெட்டுவதும் அவர்தானாம். செத்த வீட்டுக்கு ஊர் வாத்தியக் குழு போகும், அதில் பெரிய மேளம் அவருடையது. மழைக்காலத்தில் மலைப்பக்கம் பாட்டியின் காணியில் நெல் விதைப்பு.

"எத்தினை தாத்தா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"ஒருவர்தான்" என்று சிரித்தான்.

09.02.2025, ஞாயிறு

வள்ளம், கள்ளு, தலைமயிர், மேளம், நெல். ஒரு கொப்பியில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் இதற்கு ஐந்து குறிச்சி வேண்டும். அங்கே ஒரு மனிசன், ஒரு வீடு, ஒரே அடுப்பு! இந்த மனிசனை நான் எந்தப் பெட்டிக்குள் போடுவது?

கோதாரி, முப்பது வருச விசாரிப்பில் இப்படி ஒரு சிக்கல் எனக்கு வந்ததில்லை.

15.02.2025, சனி

மேளம் அடித்த தாத்தா தேவாலய ஊர்வலத்தில் முன்வரிசையில் நிற்பாராம். பெட்டியில் போடுகிற யோசனையையே விட்டுவிட்டேன். இன்று பருப்புப் பாயாசம் அடிப்பிடித்துவிட்டது.

09.03.2025, ஞாயிறு

ஜோமாரின் சின்னம்மா, தாயின் தங்கச்சி தெஸ்ஸி, மே மாதம் நகரசபைக்கு நிற்கிறா! அந்த ஊர் அரசாங்கத்தை இன்று எனக்கு முழுக்க விளங்கப்படுத்தினான். ஒரு மேயர், ஒரு துணை மேயர், எட்டு உறுப்பினர். ஒவ்வொரு வாக்காளரும் எட்டுப் பேருக்கு மட்டும் புள்ளடி போடலாம். பரங்காய்க்கு வேறாக ஒரு தலைவர், கப்பித்தான் என்று கூப்பிடுவார்கள். ஆர் வேலி தள்ளிப் போட்டாலும் ஆர்ர நாய் ஆரைக் கடித்தாலும் வழக்கு முதலில் கப்பித்தானிடம்தான்.

மேயர் தொடர்ந்து மூன்று தவணைக்கு மேல் நிற்க ஏலாது. இப்போதைய மேயருக்கு ஒன்பது வருசம் முடிகிறது. "அப்ப ஆர் நிக்கினம்?" என்று கேட்டேன். "அவருடைய மனைவி" என்றான். இவர் சோபாவில் இருந்து வாய்விட்டுச் சிரித்தார். நானும்தான். இதை விளங்கிக்கொள்ள எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

தெஸ்ஸி எட்டாவதாக என்றாலும் வர வேண்டுமென்றால் மலைப்பக்க வாக்கு வேண்டும், பைபாய் வாக்கு மட்டும் காணாது. பெரிய பரங்காய் போப்லசியோன், 2,960 பேர். ஆனால் அது மேயரின் கோட்டை. தெஸ்ஸியின் இடத்தில் நான் நின்றால் மலைக்குத்தான் முதலில் போவேன் என்று சொன்னேன். ஜோமார் உடனே கைபேசியை எடுத்து அதைத் தட்டி அனுப்பினான்.

தர்மிகா என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, எங்கட பேர்ண் நகரத்தை நடத்துற கெமைண்டராட்டில எத்தினை பேர்?"

"ஏழு."

"அஞ்சு. அம்மா, நீங்கள் இஞ்ச வோட் போடுறனீங்கள்!"

17.03.2025, திங்கள்

இன்று வேலையிடத்துக் குசினியில், நோயாளிகளுக்குத் தட்டு அடுக்கும் பெல்ட்டில் நின்றுகொண்டு மாலினாவைப் பற்றி யோசித்தேன். 412 பேருக்கு ஒரு பள்ளிக்கூடம். நாளுக்கு இரண்டு தரம் வள்ளம். வாக்கு எண்ணும் மெசினையும் வள்ளத்தில்தான் கொண்டுபோவார்களாம். கடல் கொந்தளித்தால்? மெசின் நனைந்தால்? அங்கே பிள்ளைப்பேறு என்றால் என்ன செய்வார்கள்? இதெல்லாம் எனக்கு எதற்கு? கலியாணத்துக்கும் மாலினாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் ஜோமாருக்குத் தட்டி அனுப்பிக் கேட்டேன். அங்கே ஒரு மருத்துவிச்சி இருக்கிறாவாம். பெயர் நேனா.

உப்பில்லாச் சாப்பாடு போக வேண்டிய ஒரு தட்டில் சாதாரண சூப்பை வைத்துவிட்டேன். நல்ல காலம், பெல்ட் முடிவில் பிடித்துவிட்டார்கள்.

30.03.2025, ஞாயிறு

ஜோமாரின் தாய் லிகாயாவோடு வீடியோவில் கதைத்தோம். பதினாறு வருசம் தூண் நகரத்தில் முதியோர் இல்லத்தில் வேலை செய்துவிட்டு ஊருக்கே திரும்பிப் போனவ. அவவுக்குப் பின்னால் ஒரு கூட்டம். கப்பித்தானும் வந்து கை காட்டினார்! நான் சொன்னபடி தெஸ்ஸி மலைக்குப் போனாவாம். ஊர்வலத்துக்கு நல்ல சனமாம்.

பிறகு லிகாயா ஜெர்மனில் சொன்னா: "பதினாறு வருசம் நான் அங்கே இருந்தேன். எல்லாரும் 'மணிலாவோ?' என்று மட்டும்தான் கேட்பார்கள். சான் கெலாசியோ என்ற பெயரை ஒருத்தரும் கேட்டதில்லை. என் அப்பா என்ன செய்தவர் என்று நீங்கள் கேட்டீர்களாம். ஜோமார் சொன்னபோது நான் அழுதேன்."

அங்கே நின்ற எல்லாரும் கை தட்டினார்கள்.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பாவம் அந்த மனிசி. நான் என்னத்துக்குக் கேட்டேன் என்று தெரிந்தால்... சீ. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது.

14.04.2025, திங்கள்

புதுவருசம். கோயிலுக்குப் போய் வந்து நான் கைவிசேசக் காசு எடுத்து வைக்க, தர்மிகா என் அலுமாரியில் வேட்டி தேடப் போனாள். தகப்பனுக்கு. அந்த வரைபடமும் கொப்பியும் அங்கேதான் இருந்தன.

பன்னிரண்டு வருசம் சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேனே, வாசிக்கத் தெரிய வேண்டுமென்று. வாசித்துவிட்டாள்.

"வள்ளம், கேள்விக்குறி. கள்ளு, கேள்விக்குறி. நீங்கள் சாதி தேடியிருக்கிறீங்கள், அம்மா. பிலிப்பீன்சில போய்ச் சாதி தேடியிருக்கிறீங்கள்!"

"அப்பிடியில்லை பிள்ளை..."

"எப்பிடி, சொல்லுங்கோ. அவன் வேலையிடத்தில எல்லாருக்கும் சொல்லித் திரியுறான், தர்மிகான்ர அம்மா மாதிரி ஒரு ஆள் இல்லையெண்டு. நான் அவனுக்கு உதைச் சொல்ல மாட்டன். நீங்கள் சொல்லுங்கோ. சொல்லாமல் நீங்கள் ஓமெண்டு சொன்னால் எனக்கு அந்த ஓம் வேண்டாம்."

போய்விட்டாள். வேட்டியும் எடுக்கவில்லை, கைவிசேசமும் வாங்கவில்லை. இவர் பின்னேரம் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சொல்லிப்போடு சந்திரா" என்றார்.

என்னெண்டு சொல்லுறது? எந்த வாயால சொல்லுறது? என்ர அம்மாவும் இப்படித்தானே கேட்டவ. நான் மட்டுமே கேட்டனான்? எல்லாரும்தானே கேக்கினம்!

எல்லாரும் கேட்கிறார்கள் என்றால் எனக்கு ஏன் இந்த அந்தரம்?

22.04.2025, செவ்வாய்

தர்மிகா ரெலிபோன் எடுக்கவில்லை.

03.05.2025, சனி

சொல்லிவிட்டேன்.

யூரோப்பா சதுக்கத்தில், கோயில் இருக்கிற அந்தக் கட்டடத்துக்கு வெளியே உள்ள வாங்கில். ஜோமாரை வேலை முடிந்து வரச் சொல்லியிருந்தேன். தெஸ்ஸியின் தேர்தல் துண்டுப்பிரசுரத்தின் படத்தைக் காட்டிக்கொண்டே வந்தான். அதைக் கண்டவுடன் இன்னும் நாலு நாள் தள்ளிப்போடுவோமா என்றிருந்தது. இல்லை, இருந்து சொன்னேன். எங்கள் ஊரில் இடத்தைக் கேட்டு ஆளை மட்டுக்கட்டுவோம் என்று. தாத்தாவின் தொழிலைக் கேட்டதும் அதற்குத்தான் என்று. பொருத்தமான ஜெர்மன் சொற்கள் என்னிடம் இல்லை. மேல், கீழ் என்று கையால் காட்டினேன். அது போதுமாக இருந்தது.

மூன்று ட்ராம் போனது.

"எங்களை எங்கே வைத்தீர்கள்?" என்று கேட்டான்.

"வைக்க முடியேல்லை. உங்கட தாத்தா எல்லாத்திலயும் இருக்கிறார்."

"கண்டுபிடித்திருந்தால்? கீழே என்று வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

அவன் தோள்பையை எடுத்துக்கொண்டு எழும்பினான். எப்போதும் "ச்சாவ், தித்தா" என்று சொல்கிறவன் ஒன்றும் சொல்லாமல் போனான்.

12.05.2025, திங்கள்

இன்று அங்கே தேர்தல். விடுப்பு எடுத்திருந்தேன். ஏப்ரல் தொடக்கத்திலேயே கேட்டு எடுத்த விடுப்பு. யாரோடும் சேர்ந்து பார்க்க வழியில்லாமல், சாப்பாட்டு மேசையில் அந்தக் கலர்ப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு தனியே இருந்தேன். அங்கே இரவு ஏழு மணி, எங்களுக்கு மத்தியானம் ஒன்று. அதோடு வாக்களிப்பு முடியும். பிறகு மெசினிலிருந்து முடிவுகள் ஒவ்வொரு பரங்காயாக இணையத்தில் ஏறும்.

பைபாயில் தெஸ்ஸி முதலாவது. மலைப்பக்கம் ஆறு பரங்காயிலும் நாலாவது, ஐந்தாவது! நான் தனியே கைதட்டினேன். போப்லசியோனில் பன்னிரண்டாவது. மொத்தத்தில் எட்டாவது இடம், ஒன்பதாவது ஆளை விடப் பதினொரு வாக்கு கூட. மாலினாவ் மட்டும் வரவில்லை. இரண்டரை மணி, மூன்று மணி, வரவே இல்லை.

கைபேசியை எடுத்தேன். மாலினாவைக் கேட்பதற்கு முதல் மற்றதைச் சொல்ல வேண்டும் என்று பட்டது. இப்படி எழுதினேன்: "ஜோமார், அண்டைக்கு நீர் கேட்ட கேள்விக்கு மறுமொழி: வேண்டாமெண்டு சொல்லியிருப்பன். அது பிழை. எனக்கு இப்ப தெரியும். மன்னிச்சுக்கொள்ளும்." மொழிபெயர்க்கும் செயலியில் போட்டு ஜெர்மனாக்கி அனுப்பினேன். பிறகு இன்னொன்று: "மாலினாவ் வந்திட்டுதோ?"

இருபது நிமிசம் கழித்து மறுமொழி: "கடல் மோசம். வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை. தீவில் சிக்னலும் இல்லை. எல்லாரும் இறங்குதுறையில் நிற்கிறார்கள்."

நாலு மணிக்கு மெசின் வந்து சேர்ந்தது. எண்ணிக்கையை அவனே அனுப்பினான். மாலினாவில் வாக்களித்தவர்கள் 231 பேர். தெஸ்ஸிக்கு எண்பத்தெட்டு. அடுத்து நின்றவனுக்கு நூற்றுமுப்பத்தாறு. முப்பத்தேழு வாக்கால் தெஸ்ஸி ஒன்பதாவதாகிவிட்டா.

மேசையில் தலையை வைத்து அழுதேன். பார்த்துப் பழகாத ஒரு மனிசி தோற்றதுக்கு! விசர் எனக்கு.

ஆறு மணிக்கு இன்னொரு வரி வந்தது. "உண்மையைச் சொன்னீர்கள். கொஞ்ச நாள் தாருங்கள்."

25.05.2025, ஞாயிறு

இரண்டு பேரும் வந்தார்கள். தர்மிகா வாசலில் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, ஆனால் குசினிக்குள் வந்து வெங்காயம் வெட்டினாள். ஜோமார் கொஞ்சம் ஒதுங்கித்தான் இருந்தான். முந்தி மாதிரி இல்லை. அது எனக்கு வேண்டும்தான்.

தாய்க்கும் சொல்லிவிட்டானாம். லிகாயா இரண்டு நாள் கோபத்தில் ஒருத்தரோடும் கதைக்கவில்லையாம். மூன்றாம் நாள் அவவே கூப்பிட்டு, "கணக்கெடுத்தவள் ஒழுங்காக எடுத்தாளா? அப்பா கூரையும் வேய்ந்தவர், அதையும் எழுதச் சொல்லு" என்றாவாம். இதைச் சொல்லும்போது அவன் கடைவாயால் சிரித்தான். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கிறதா அழுகிறதா என்று தெரியாமல் சோற்றைப் போட்டேன்.

சாப்பிட்டு முடிய, "ஓம்" என்று சொன்னேன். மே மாதம் முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

"எதுக்கு ஓம்?" என்று தர்மிகா கேட்டாள். கெட்டிக்காரி, வாயால் சொல்ல வைத்துத்தான் விட்டாள்.

"நீங்கள் ரெண்டு பேரும் கட்டுறதுக்கு. மனசார."

15.06.2025, ஞாயிறு

ராசா அண்ணை ரொறன்ரோவிலிருந்து எடுத்தார். கலியாணம் செப்ரெம்பரில் என்று கேள்விப்பட்டாராம். எனக்கு முந்தி யாரோ சொல்லிவிட்டார்கள்.

"பிலிப்பீன்ஸ் பெடியனாம். சரி, காலம் அப்பிடி. நீ விசாரிச்சனீதானே? ஆரும் கேட்டால் நல்ல இடத்துப் பெடியன் எண்டு சொல்லக்கூடிய மாதிரி ஏதும் இருக்கோ?"

சொல்லியிருக்கலாம். தாய்க்குக் காணி இருக்கிறது, சின்னம்மா தேர்தலில் நின்றவ, கப்பித்தான் வீட்டுக்கு வந்து போகிறவர் என்று. அண்ணை அதையே பிடித்துக்கொண்டு நாலு பேருக்குச் சொல்லி வந்து இறங்கியிருப்பார். கொழும்பில் என்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விமானம் ஏற்றிவிட்ட அண்ணை. அவர் இல்லாமல் என் வீட்டில் ஒரு நல்ல காரியம் நடந்ததில்லை.

"விசாரிச்சனான் அண்ணை. தாத்தா கடலுக்குப் போனவர். மரமேறிக் கள்ளு இறக்கினவர். ஊருக்குத் தலைமயிர் வெட்டினவர். செத்த வீட்டில மேளம் அடிச்சவர். நெல்லு விதைச்சவர். கூரையும் வேய்ஞ்சவர். எல்லாம் ஒரே ஆள். நீங்கள் கேக்கிறதுக்கு இதுதான் மறுமொழி. ஆரும் கேட்டால் இதைச் சொல்லுங்கோ."

"உனக்கென்ன விசரோ? உதை வெளியில சொல்லாதை. நாங்கள் வந்து எந்த முகத்தோட சபையில நிக்கிறது?"

"உள்ள முகத்தோடதான் அண்ணை."

வைத்துவிட்டார். நான் திரும்ப எடுத்தேன். அண்ணி எடுத்து, "அவர் வரமாட்டாராம், பிள்ளையளும் வராயினம்" என்று மெல்லச் சொன்னா. அவவுக்கும் அழுகை வந்துவிட்டது என்று நினைக்கிறேன். நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது, நல்லாக அழுதேன். இவர் வந்து பக்கத்தில் இருந்தார்.

மண்டபக்காரருக்கு நாளைக்கு ஆள் எண்ணிக்கை கொடுக்க வேண்டும். பட்டியலை எடுத்து, அண்ணை வீட்டு ஒன்பது பேரையும் வெட்டினேன். லிகாயாவுக்குக் கீழே, விசா கிடைத்தால் என்று அடைப்புக்குறி போட்டு, தெஸ்ஸியின் பெயரை எழுதினேன்.